வீரனுக்கு விழுந்த நரை

அந்தப் படக்கதையை வரைந்தது நீங்கள்தான் என்று அன்று நான் கடையில் சொல்லவில்லை, மதினி.

இன்று காலை குற்றாலத்தில் சாரலுக்கு ஒதுங்கிய இடத்தில் பழைய புத்தகங்களைப் பரப்பியிருந்தார்கள். நடுவில் நீங்கள் வரைந்த அந்த முதல் இதழ். நனைந்த தாளின் வாசம். புரட்டினேன். நரைத்த தலையோடு வீரன் குதிரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

பழைய தொடர் வந்தபோது நான் பள்ளியில் படித்தேன். தென்காசியில் அதைப் படிக்காத பிள்ளை கிடையாது. கைக்குழந்தையான மகளை விட்டுவிட்டு வீரன் போருக்குப் போவதோடு அது முடிந்தது. வெகுகாலம் கழித்து இரண்டாம் தொடரைத் தொடங்க நினைத்த பதிப்பாளர், முன்பு வரைந்தவர் காலமாகிவிட்டதால், வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி லேபிள் வரைந்துகொண்டிருந்த உங்களைத் தேடி வந்தார். பெண் பெயர் போட்டால் விற்காது என்றார். அப்படியானால் பெயரே வேண்டாம் என்றீர்கள்.

என்னிடமும் வாக்கு வாங்கிக்கொண்டீர்கள். "யார்ட்டயும் சொல்லிராத ஏட்டி. பொம்பளை வரைஞ்சான்னு தெரிஞ்சா எல்லாக் குத்தத்தையும் அதுமேலயே போட்டிருவாங்க. படத்தைப் பார்த்துப் பேசட்டும்."

இதழ் வந்த அன்று, ஊர் என்ன சொல்கிறது என்று கேட்டுவர வாடகைப் புத்தகக் கடைக்கு என்னை அனுப்பினீர்கள். நின்றவர்கள் எல்லாம் கொதித்துப்போயிருந்தார்கள். நம்ம ஆளைக் கிழவனாக்கிவிட்டான் என்று ஒருவர் வருந்தினார். அவர் தலையே பாதி வெளுத்திருந்ததைக் கடைக்கார அண்ணாச்சி சுட்டிக்காட்டினார். இன்னொருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "இதை வரைஞ்சவனக் கொண்டுபோய் அருவியில நிறுத்தணும் அண்ணாச்சி. அப்பவாவது கிறுக்கு தெளியுதான்னு பாப்போம்."

ஒன்று விடாமல் வந்து சொன்னேன். அருவி என்றதும் சிரித்துவிட்டீர்கள்.

"வந்து கூட்டிட்டுப் போகட்டுமே. கல்யாணமாகி வந்ததுலருந்து ஒருநாளாவது ஆற அமரக் குளிச்சிருக்கேனா?" பிறகு கேட்டீர்கள்: "கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாங்களா?"

படித்தார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குக் கோடு போட உட்கார்ந்தீர்கள்.

பதிப்பாளருக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தன. அடுத்த இதழில் முடியைக் கறுப்பாக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். இரண்டு இழுப்பு மை, அதற்கா பிடிவாதம் என்று அண்ணன் கேட்டான். வந்த வேலையை விட்டுவிடாதே என்பதே அவன் கவலை. நீங்கள் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்:

"விட்டுட்டுப் போன பிள்ளை சமைஞ்சு நிக்கா. தகப்பனுக்கு மட்டும் வயசாகாதோ? அவ காத்துக்கிட்டுக் கிடந்த வருசத்தையெல்லாம் நான் எங்க கொண்டுபோய்ப் போட?"

நரையோடுதான் பக்கங்கள் போயின. அச்சகத்தில் யாரோ மை பூசிவிட்டார்கள். அந்த இரண்டாவது இதழ் வந்ததும் கடையில் ஒருவர் வீரனின் மகளைக் காட்டி, "இந்தப் புள்ள யாரு, அவன் தங்கச்சியா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார். அதையும் வந்து சொன்னேன். இந்தத் தடவை நீங்கள் சிரிக்கவில்லை.

நானும் இப்போது கதை எழுதுகிறேன், மதினி. இந்தப் பெண்ணுக்கு வயது ஜாஸ்தி, கொஞ்சம் குறையுங்கள் என்று போன மாதம் ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். முடியாது என்று எழுதிப் போட்டேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன், ஒரு வயதும் குறைக்காமல்.

மூன்றாவது இதழை வரைய நீங்கள் மறுத்துவிட்டீர்கள். வேறொருவர் வரைந்தார். அதோடு தொடர் நின்றுபோனது.