தண்ணீர் கலந்த மாதிரி

அன்பு வாயாடிக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் அப்படியே என்று எழுதத்தான் கை போகிறது, இந்த முறை அதை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

ஆறு மாதமாக உன்னிடம் நீர்க்கடுப்பு என்று சொல்லிவந்தது சிறுநீர்ப்பையில் புற்றுநோய். குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள், பதறாதே. திரும்ப முளைக்காமலிருக்க வாரம் ஒருமுறை பைக்குள் ஒரு மருந்து விட்டார்கள், அது நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்பிச் சண்டைக்கு அனுப்புமாம். அவை எழுந்தனவா என்று சிறுநீரை வைத்தே கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அவ்வப்போது குழாய் விட்டுப் பார்ப்பது நிற்காது, ஆனாலும் இதற்கு ஊசியில்லை, வலியில்லை, ஒரு டப்பா நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றார்கள், கையெழுத்துப் போட்டேன்.

மாதிரி கொண்டுவாருங்கள் என்றார்கள். முப்பது வருஷம் பருப்பு விற்றவனிடம் மாதிரி என்றால் என்ன செய்வான்? தட்டில் நல்ல மணியாகப் பொறுக்கி வைக்கிற அதே புத்தியில், காலையில் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துக் கண்ணாடி போல நிரப்பிக்கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். நான்கு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டு, அணுக்களே காணோமே என்றார். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டாராம், ஆனால் மருந்து கேட்காவிட்டால் பையையே எடுக்க வேண்டிவரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். நர்ஸம்மாதான், எவ்வளவு தண்ணி குடிச்சிட்டு வந்தீங்க, எங்களுக்கு உள்ளதுதான்யா வேணும், அழகு வேணாம் என்று ஒரு போடு போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும். வெளியே பெஞ்சில் ஒவ்வொருவரின் துணிப்பையையும் பிடித்துக்கொள்ளக் கூடவே ஓர் ஆள் இருந்தது. படிவத்தில் உடனிருப்பவர் என்ற இடத்தில் நான் கோடு போட்டிருந்தேன். உன் அம்மா இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் சிரித்திருப்பாள். வீட்டுக்கு வந்து அவள் உட்காரும் ஸ்டூலைப் பார்த்து இதைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

வியாழக்கிழமை திரும்பக் கொடுக்க வேண்டும், உள்ளதை உள்ளபடி. யோசித்தால் ஞாயிறுதோறும் போனில் உனக்கு நான் நீட்டியதும் பொறுக்கிய மணிதான். நீயும் எல்லாம் பிரமாதம் என்கிறாய், அதுவும் அந்தத் தட்டுதானோ என்று இப்போது சந்தேகம் வருகிறது, வியாபாரிக்குத் தெரியாதா? லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் வருத்தமில்லை என்று எழுதி அடித்திருக்கிறேன் பார், வருத்தம்தான்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். படிவத்தில் அந்தக் கோட்டை அடித்துவிட்டு உன் நம்பரைப் போட்டிருக்கிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடு.

ஆசிகளுடன்,
உன் அப்பா