உன் மார்பில் கேட்ட தேர்ச்சத்தம்

என் வடிவு,

நேற்று ஜெபராணி வந்திருந்தாள். நினைவிருக்கிறதா? என்னிடம் உடற்கூறியல் படித்த நர்சிங் பிள்ளைகளில், உன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, "ஒண்ணுமே கேக்கலக்கா" என்று அழுதாளே, அவள்தான். இப்போது மம்சாபுரம் பக்கம் கிராம செவிலியர். மொபெட் ஓட்டுகிறாள். அவள் கொண்டுவந்த செய்தியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ராஜபாளையத்து வீட்டின் முன்னறையில் அந்தக் கரும்பலகை இன்னும் இருக்கிறது. மறுநாள் பாடத்துக்காக அதில் இதயம் வரைந்து பழகுவேன். நீ கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிற்பாய்.

"அத்தான், இடது அறையக் கொண்டுபோயி வலது பக்கம் போட்டிருக்கீக."

"இது எதிரில் நிற்கிறவருடைய இதயம். அவருக்கு இடது, நமக்கு வலது."

"அதான பாத்தேன். எதுக்க நிக்கிறவுக நெஞ்சுதான் ஒங்களுக்குத் தெரியும். கூட நிக்கிறவ நெஞ்சு எங்க தெரியப்போவுது?"

மாடிப்படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்கியது. ஊரில் பேர்பெற்ற டாக்டர் வாயு என்றார், டானிக் எழுதினார். அந்த மனிதரை இன்றைக்கும் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். மல்லாந்து படுக்க முடியாமல் நீ தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்கத் தொடங்கிய பிறகுதான் மதுரைக்குப் போனோம். ஈரிதழ் வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்கள். சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் முட்டி வீக்கமுமாக நீ படுத்தபோது, வளர்கிற பிள்ளைக்கு வருவதுதான் என்று உன் வீட்டில் ஒற்றடம் கொடுத்ததோடு விட்டுவிட்டார்களாம். முட்டி வீக்கம் வடிந்துவிட்டது. அந்த நோய் வால்வில் விட்ட வடு போகவில்லை.

நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தம் இடது மேலறையில் சேர்ந்து, அந்த வால்வு வழியாகக் கீழறைக்கு இறங்க வேண்டும். வழி குறுகினால் ரத்தம் பின்னால் தேங்கும், நுரையீரல் நனையும். வருடா வருடம் வகுப்பில் சொன்னதுதான். வீட்டுக்குள் அதைச் சொன்ன அன்று எனக்குக் குரல் வரவில்லை. நீ சிரித்தாய். "வகுப்புல புத்தகத்தக் காட்டி என்னத்துக்குக் கத்துறீக? பிள்ளைகள இங்க கூட்டிட்டு வாங்க. அதுக கேட்டுப் பழகட்டும்."

சாயங்காலங்களில் நாலைந்து பேராக வந்தார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவர்களை நீயே அதட்டினாய். "ஏட்டி, ஐஸு மாதிரி இருக்கு. கையில தேச்சிட்டு வையி." ஜெபராணி அழுதபோது ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி உன் காதிலேயே மாட்டிக்கொண்டாய். உன் இதயத்தின் 'லப்-டப்' ஓசையில், 'டப்' முடிந்து அடுத்த 'லப்' வருவதற்குள் தணிந்து ஓர் உறுமல் வரும். அதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று நான் திணறிக்கொண்டிருந்தேன். நீ சற்று நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னாய்: "எங்க வில்லிபுத்தூர்த் தேரு நாலு தெரு தள்ளி வரும்போது சக்கரம் உறுமும் பாரு, அந்தச் சத்தம்டீ." அதற்குப் பிறகு எல்லோருக்கும் கேட்டது.

மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். மார்பைத் திறந்து, விரலை உள்ளே விட்டு வால்வை விரித்துவிடுவார்கள், அவ்வளவுதான். கொடுத்த நாள் ஆடியில் விழுந்தது. ஆடியில் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்று உன் அண்ணன் வந்து நின்றார். உன் அம்மா அழுதாள். நான் கத்தினேன். நீயாவது என் பக்கம் பேசியிருக்கலாம். "ஆடி கழியட்டும் அத்தான். ஆடிப்பூரத் தேரும் பாத்துட்டுப் போயிருவோம்" என்றாய்.

தேர் பார்த்தாய். ஆடி கழியும்வரை இருக்கவில்லை.

உன் அண்ணனோடு அன்றைக்கு நிறுத்திய பேச்சு நின்றதுதான். உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, வடிவு. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். யார் வைத்த சட்டம் அது?

அதற்குப் பிறகு நான் இதயப் பாடம் எடுப்பதில்லை. எலும்பு எடுப்பேன், சிறுநீரகம் எடுப்பேன். இதயம் வந்தால் உடன் வேலை செய்பவரிடம் தள்ளிவிடுவேன். அவர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்.

இனி ஜெபராணி சொன்ன செய்தி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பரிசோதிக்கப் போன இடத்தில் ஒரு பெண் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறாள். அவளை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி இவள் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டிருக்கிறாள். "அக்கா சொன்ன அதே தேர்ச்சத்தம் சார். அன்னிக்கே மதுரைக்கு எழுதிக் குடுத்துட்டேன்." மதுரையில் நாள் கொடுத்தார்கள். அதுவும் ஆடியில். ஆவணி பிறக்கட்டும் என்றிருக்கிறார் அந்தப் பெண்ணின் அப்பா.

"நான் விடலையே சார். அண்ணாச்சி, ஆடி மாசம்னு ஒங்க நெஞ்சு துடிக்காம லீவு போட்டிருக்கான்னு கேட்டேன். அவுக வீட்டு வாசல்லயே உக்காந்துட்டேன். அக்கா கதையச் சொன்னேன். மறுநா பஸ் ஏறிட்டாக."

இப்போது மார்பைத் திறப்பதுகூட இல்லையாம், வடிவு. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனை அனுப்பி விரித்துவிடுகிறார்கள். அந்தப் பெண் ஆடியிலேயே வீடு திரும்பி, மல்லாந்து படுத்துத் தூங்குகிறாளாம். எனக்குச் சந்தோஷமா, பொறாமையா? நீயே சொல்லேன்.

கிளம்பும்போது ஜெபராணி கேட்டாள்: "நீங்க இதயப் பாடம் எடுக்குறதில்லையாமே. இப்பப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்த யாரு சார் சொல்லிக்குடுப்பா?"

"ஒன் வேலையப் பாரு" என்றுதான் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு சாக்பீஸ் எடுத்தேன். இதயம் வரைந்தேன். உன் வால்வு இருக்கும் இடது பக்கத்தைப் பலகையின் வலப்புறம் போட்டேன். எதிரில் நிற்பவருடைய இதயம்தானே? இத்தனை வருடமும் நீ அங்கேதான் நிற்கிறாய்.

உன் அண்ணனோடு பேசு என்று மட்டும் சொல்லிவிடாதே. அது என்னால் ஆகாது. ஆனால் திங்கட்கிழமை இதயப் பாடத்தை நானே எடுப்பேன். தேர்ச்சத்தத்தைச் சொல்வேன். அது யார் நெஞ்சில் கேட்டது என்பதையும், ஆடி கழிய எதற்காகக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்வேன். குரல் போனால் போகட்டும்.

நாலு தெரு தள்ளி நின்றாவது கேட்டுக்கொண்டிரு.

இன்னமும் உன்னோடு கோபமாக இருக்கும்
உன் அத்தான்