மஞ்சள் பெட்டியில் விழுந்த என் வெற்றியை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
வே. வைகுண்டராஜன்,
கருப்பட்டி மொத்த வியாபாரி,
ஐந்தாம் வார்டு நகரசபை அங்கத்தினர்,
வேம்படிவிளை, நாஞ்சில் நாடு.

பெறுநர்:
மகாராஜராஜஸ்ரீ திவான் பேஷ்கார் அவர்கள் சமூகம்,
பேஷ்கார் கச்சேரி.

பொருள்: வேம்படிவிளை நகரசபைத் தேர்தலில் பிள்ளைகளின் தலைமேல் சத்தியம் வாங்கி வோட்டுச் சேகரித்தது – அதனால் ஐந்தாம் வார்டில் பிள்ளைகளின் காய்ச்சல் மறைக்கப்படுவது – ஜெயித்தவனாகிய நானே என் தேர்தலை ரத்து செய்ய வேண்டுவது.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. சென்ற தை மாதம் நடந்த தேர்தலில் மேற்படி வார்டில் நாலு வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவன் அடியேன். இந்த மனுவை முதலில் எங்கள் நகரசபை ஆபீசில் கொடுக்கப் போனேன். அங்கிருந்த குமஸ்தா வாசித்துப் பார்த்துவிட்டு, "தோத்தவன் மனு கொடுப்பான், ஜெயிச்ச நீரு என்னத்துக்கு வே மனு கொடுக்கேரு?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து, தங்கள் சமூகத்துக்கு அனுப்புகிறேன். கூடியவரை மரியாதை குறையாமல் எழுத முயன்றிருக்கிறேன். எங்கேனும் குறைந்திருந்தால் வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டு பொறுத்தருள வேண்டும்.

2. வோட்டுக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று தடவை நின்று, ஒரு தடவை தோற்று, இரண்டு தடவை ஜெயித்தவன். செருப்புத் தேய நடக்க வேண்டும். போன தடவை போடுவதாகச் சொன்ன விளக்குக் கம்பம் எங்கே என்று கேட்பவரிடம் பல்லைக் காட்ட வேண்டும். வீட்டுக்கு வீடு தருகிற வெற்றிலையை வேண்டாமென்று சொல்லக்கூடாது. சொன்னால் கர்வம் என்பார்கள். நாலு தெருவுக்குள் வாய் வெந்து, அடுத்த வீட்டில் பேச நாக்கு வராது. எதிரே நிற்பவர் எனக்கு வோட்டுப் போடப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்தும் அவர் கையைப் பிடித்துச் சிரித்திருக்கிறேன். இவையெல்லாம் கவுன்சிலர் ஆசைப்பட்டவன் பட வேண்டிய பாடுதான். அதைப்பற்றி எனக்கு ஆவலாதி இல்லை.

3. எனக்கு எதிராக நின்றவர், முதல் தடவை என்னைத் தோற்கடித்த பழைய கவுன்சிலர் தாணுமாலயன் அவர்கள். மேற்படியார் ஊரிலுள்ள வில்வண்டிகளையெல்லாம் வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு கட்டைவண்டிகூட மிஞ்சவில்லை. நான் சொல்லவில்லை. ஆட்டுக்கறிச் சோறு போட்டார், என் ஆட்களே இரண்டு பேர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ருசியைச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. தெருவிளக்கு மண்ணெண்ணெயை நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று நோட்டீசு அடித்தார். அதற்கு நானும் ஒரு நோட்டீசு அடித்தேன், அது சரியாகிவிட்டது. ஆனால் கடைசி வாரத்தில் மேற்படியார் ஒன்று செய்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

4. எங்கள் வார்டின் கிழக்கே இசக்கியம்மன் கோயில் இருப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பிள்ளைகளைக் காப்பதும் எடுப்பதும் அந்த அம்மன் என்று எங்கள் பக்கத்துத் தாய்மார் நம்புகிறார்கள். மேற்படியாரின் ஆள் கோலப்பன் என்பவன், அந்தக் கோயில் விளக்கைத் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சள்பொடியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தான். மேற்படியார் பின்னால் வந்தார். வரி கட்டி வோட்டு உள்ளவர் ஆணாயிருந்தாலும் பெண்ணாயிருந்தாலும் சரி, அந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு விளக்கின் முன் நிறுத்தி, அதன் தலையில் கையை வைத்து, சிவப்புப் பெட்டியிலேயே போடுவேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். சிவப்பு மேற்படியாரின் பெட்டி. மஞ்சள் என்னுடையது.

5. இது கேள்விப்பட்ட செய்தி அல்ல. நான் ஜொஹரா பேகம் என்ற அம்மாளின் கடையில் வோட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டில் என் கண்ணால் கண்டது. எதிர்வீடு செல்லக்கனி என்ற விதவையின் வீடு. வாசலில் எண்ணெய்க்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒரே மகள். கோலப்பன் அந்தக் குழந்தையின் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தி, "ஏட்டி செல்லக்கனி, பிள்ளைக்க தலையில கைய வைய்யி. செவப்புப் பெட்டிண்ணு சொல்லு" என்றான். அவள் கை எழவில்லை. "கை வைக்க மடிக்கியா? அப்பம் மஞ்சப் பெட்டிதானா?" என்றான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையை வைத்தாள். அந்தப் பிள்ளை ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றது, ஐயா.

6. நான் தெருவில் இறங்கி மேற்படியாரிடம் இது அக்கிரமம் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் மிகவும் அமைதியாக, "சத்தியம் வாங்கக்கூடாதுண்ணு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? நான் துட்டு குடுத்தனா, அடிச்சனா?" என்றார். தேர்தல் விதிப் புத்தகத்தைப் பிறகு வரிவரியாகப் பார்த்தேன். அப்படி ஒரு விதி இல்லை. காசு கொடுக்கக்கூடாது என்று இருக்கிறது. குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை போலும்.

7. வோட்டு நாளில் திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டி வைத்திருந்தார்கள். யார் எதில் போட்டார் என்று சர்க்காருக்கே தெரியாது. ஆனால் எண்ணி முடித்தபோது, சத்தியம் செய்தவர்களைவிடக் குறைவான வோட்டே சிவப்புப் பெட்டியில் இருந்தது. மேற்படியார் அங்கேயே நின்று, "இத்தன பேரு பிள்ளைய வித்திருக்காளுவ. அம்மை பாத்துக்கிடுவா" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனார். என் கழுத்தில் மாலை போட்டுக் கொட்டு முழக்கினார்கள். நானும் முட்டாள்போல் கும்பிட்டுக்கொண்டு ஊர்வலம் போனேன். அந்த வார்த்தை என்ன செய்யும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

8. இரண்டு வாரத்தில் செல்லக்கனியின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மழை நின்றபின் எங்கள் பக்கம் வருஷந்தோறும் வருகிற குளிர்காய்ச்சல்தான். ஆனால் அந்தத் தாய்க்கு அப்படித் தோன்றுமா? உச்சிப்பொழுதில் தலைவிரிகோலமாக இசக்கியம்மன் கோயிலுக்கு ஓடி, மண்ணில் விழுந்து, "எனக்க பிள்ளைய விட்டுரு தாயே! நான் மஞ்சப் பெட்டியிலதான் போட்டேன், என்னய எடு, பிள்ளைய எடுக்காத!" என்று கதறினாள். இரகசிய வோட்டு என்று சர்க்கார் செலவழித்துத் திரை கட்டினார்களே, அந்தத் திரை அந்த ஒரு கதறலில் கிழிந்து போயிற்று. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து கொடுத்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டது. அம்மன் அவளை மன்னித்துவிட்டாள் என்றல்லவா ஊர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்? மேற்படியார் மன்னிக்கவில்லை. சத்தியம் தப்பியவள் இறைத்தால் அந்தத் தீட்டு தண்ணீர் வழியாக எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் என்று கோலப்பன் சொல்ல, நகரசபைக் கிணற்றடியிலிருந்து அவள் வாளியை எடுத்துத் தெருவில் எறிந்தார்கள். நான் அங்கத்தினராக இருக்கிற நகரசபையின் கிணறு, ஐயா. எனக்கு வோட்டுப் போட்டாள் என்ற ஒரே குற்றத்துக்காக அதில் ஒருத்திக்குத் தண்ணீர் இல்லை. இதைவிட ஒரு கவுன்சிலருக்கு வேறு கேவலம் என்ன வேண்டும்?

9. இப்போது அவளுக்குத் தண்ணீர் கொடுப்பது ஜொஹரா பேகம் அம்மாள். "தண்ணிக்கு ஏதுட்டி செவப்பும் மஞ்சளும்? கொடத்தக் கொண்டா" என்று தம் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றைத் திறந்துவிட்டார்கள். அந்த அம்மாளின் கடைக்கு ஆள் வருவதும் இப்போது குறைந்துவிட்டது. கேட்டால், "போறது போவட்டு" என்கிறார்கள்.

10. ஆனால் நான் இந்த மனுவை எழுதுவது கிணற்றுக்காக மட்டும் அல்ல. செல்லக்கனிக்கு நடந்ததைப் பார்த்தபிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வீட்டார் மஞ்சள் பெட்டியில் போட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டத் தொடங்கிவிட்டது. அதனால் எங்கள் வார்டில் இப்போது எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் இல்லை! கொய்னா மாத்திரையோடு வந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வீடு வீடாகக் கேட்டு, ஒரு மாத்திரைகூடச் செலவாகாமல் திரும்பிப் போனார். நல்ல ஆரோக்கியமான வார்டு என்று ரிப்போர்ட் எழுதினாராம். வீட்டுக்குள்ளே பிள்ளைகள் கம்பளியின் கீழ் நடுங்கிக்கொண்டு கிடக்கின்றன. இருமினால் வாயைப் பொத்துகிறார்கள். மேலத்தெருவில் ஒரு பையனை ஜன்னி கண்டபிறகுதான் வெளியே தூக்கினார்கள். டாக்டர் தகப்பனைக் கை ஓங்காத குறையாக ஏசினார். அந்தத் தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கும்படி, "நான் செவப்புலதான் போட்டேன்" என்று மட்டும் சொன்னான். பையன் பிழைத்தான். அடுத்த பிள்ளையும் பிழைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்?

11. நான் அய்யா வழியைச் சேர்ந்தவன். தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நின்று கும்பிடுகிறவன். பேய்க்கும் பலிக்கும் பயப்படாதே என்று கேட்டு வளர்ந்தவன். அதை நான் தெருமுனையில் நின்று சொல்லிப் பார்த்தேன். "உமக்கென்ன, உம்ம பிள்ள தலையில கை வச்சாவளா?" என்று ஒரு பெண் கேட்டாள். கடைசியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கோயில் பூசாரியிடமே போய், இதற்கு ஒரு விடுதலை உண்டா என்று கேட்டேன். அவர் யோசித்து, "சர்க்காரு அந்த வோட்டே செல்லாதுண்ணு சொல்லட்டும். வோட்டே இல்லேண்ணா சத்தியம் எங்கேருந்து தப்பும்?" என்றார். நான் இத்தனை நாள் சட்டப் புத்தகத்தில் தேடியது அந்த மனுஷர் வாயில் இருந்தது. அவர் சொன்னதை ஊர் கேட்கும். நான் சொன்னால் கேட்காது.

12. ஆகவேதான் ஜெயித்த நானே இதைக் கேட்கிறேன். ஜெயித்தவன் மனு கொடுக்க விதி இல்லை என்பார்கள். நாற்காலிக்கு ஆசைப்பட்டவன் கொடுக்கிற மனுவுக்கு விதி இருக்கிறது, வேண்டாமென்று எழுந்திருக்கிறவனுக்கு இல்லையா? வெறுமே ராஜினாமா கொடுத்தால் போதாது. என் ஜெயம் ஜெயமாகவே நிற்கும், தப்பிய சத்தியமும் தப்பியதாகவே நிற்கும். நடந்த தேர்தல் நடக்காததாக ஆக வேண்டும். மறு தேர்தல் வைத்தால் மேற்படியார் ஜெயிப்பார் என்று என் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். ஜெயிக்கட்டும். சாக்கடை வேலைக்கு நான் வாங்கி வைத்த அனுமதியையும் அவரே எடுத்துக்கொண்டு தன் பெயரில் கல் நட்டுக்கொள்ளட்டும். வயிறு எரியும்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

13. கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். என் தங்கை சத்தியபாய் இதே வார்டில்தான் கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறாள். எங்கள் தகப்பனார் ஸ்ரீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு அவள் பெயரில் வரி கட்டுவதால் அவளுக்கும் வோட்டு உண்டு. அவள் புருஷன் வீட்டில் இசக்கிக்குப் பொங்கலிடுகிறவர்கள். அவளிடமும் விளக்கை நீட்டினார்கள், அவளும் மகன் தலையில் கை வைத்தாள். நேற்று மத்தியானம் அந்த வழியாகப் போனபோது ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்தன. உள்ளே அந்தப் பயல் இருமுவது கேட்டது. கதவைத் தட்டினேன். அவள் திறக்காமலே, "அவன் ஒறங்குகான் அண்ணே, ஒண்ணும் இல்ல, நீ போ" என்றாள். என்னைக் கண்டால் வாசலுக்கு ஓடி வருகிறவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு போ என்கிறாள். அவள் எந்தப் பெட்டியில் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவும் மாட்டேன். ஆனால் அந்த நாலு வோட்டில் ஒன்று அவளுடையதோ என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை, ஐயா.

ஆகையால் தங்கள் சமூகம் தயவுசெய்து, வேம்படிவிளை ஐந்தாம் வார்டுத் தேர்தல் செல்லாது என்று உடனே உத்தரவிட வேண்டும். செல்லக்கனியின் வாளி நகரசபைக் கிணற்றில் மறுபடி இறங்க, தங்கள் கச்சேரியிலிருந்து ஒரு அதிகாரி வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். இனி எந்தத் தேர்தலிலும் பிள்ளையைத் தொட்டுச் சத்தியம் வாங்குவது லஞ்சத்துக்குச் சமமான குற்றம் என்று விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

உத்தரவைக் கடிதமாக எனக்கு அனுப்பினால் போதாது. தண்டோரா போட வேண்டும். என் தங்கை வீட்டு வாசலில் சற்று நேரம் நின்று, அடைத்த ஜன்னலுக்குள்ளும் கேட்கும்படி பலமாக அடிக்கத் தண்டோராக்காரனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டுகிறேன். அவள் கதவைத் திறந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வில்வண்டி ஒன்றை இந்தத் தடவை நானே வாடகைக்குப் பிடித்து முனையில் நிறுத்தியிருக்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
வே. வைகுண்டராஜன்
(உத்தரவு வரும்வரை மட்டும் ஐந்தாம் வார்டு அங்கத்தினர்)

இடம்: வேம்படிவிளை
தேதி: கொல்லம் 1107 மாசி 19