சாமிக்கு விடாத முடி

29 ஜனவரி, திங்கள்

பள்ளி வேனுக்குப் பின் டயர் இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று. பனி அதிகம். கொட்டச்சேட்டில் கிளம்பியதிலிருந்து பாதி வழி ஹெட்லைட் போட்டே ஓட்டினேன். பதினாலு பிள்ளைகளும் வந்தார்கள். ஏற்காட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேன் காலி. பாட்டுப் போட்டுக்கொண்டேன். பதினாலு பேர் முக்கால் மணி நேரம் போடும் கூச்சலுக்குப் பிறகு டிரம்ஸும் கிடாரும் இடிக்கிற ஹெவி மெட்டல்தான் எனக்கு அமைதி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

6 பிப்ரவரி, செவ்வாய்

ஆம்பிளைத் தலையில் ஏழு வருடமாக வளர்த்த முடி, காலையில் தலைக்குக் குளித்தது காயவே இல்லை. மதியம் சில்வர் ஓக் மரத்தடியில் வேனை நிறுத்தி, முடியை அவிழ்த்துவிட்டு, காதில் பாட்டு மாட்டிக்கொண்டேன். நல்ல இடம் ஒன்று வந்தது. டிரம்ஸ் இரட்டிப்பாகும் இடம். தலை தானாக ஆடிற்று. நிமிர்ந்து பார்த்தால் ஜீப் ஓட்டும் பெரியசாமி அண்ணன், வண்டியை மெதுவாக்கி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பையன் ஐந்தாவது படிக்கிறான், என் வேனில்தான் வருகிறான். கை தூக்கினேன். அவர் தூக்கவில்லை.

8 பிப்ரவரி, வியாழன்

பள்ளி ஆபீசில் கிளார்க் போனை நீட்டிக் காட்டினார். பெற்றோர் வாட்ஸப் குழு. கீர்த்திகாவின் அம்மா சசிரேகா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பாதி வழியில் ஒரு தையல் கடை, அதன் வாசல்தான் கீர்த்திகா ஏறும் இடம். வீடியோவில் ஒருவர் சொல்கிறார்: மெட்டல் கேட்பவர்கள் பிசாசைக் கும்பிடுகிறவர்கள், பாட்டைத் தலைகீழாக ஓட்டினால் உள்ளே சாத்தானுக்கு மந்திரம் கேட்கும், கேட்கிறவன் ஒன்று கொலை செய்வான் அல்லது தற்கொலை செய்துகொள்வான். அதற்குக் கீழே என் போட்டோ. மண்டை ஓடு போட்ட கறுப்பு டீசர்ட், பொங்கலன்று எடுத்தது. அதற்கும் கீழே பெரியசாமி அண்ணன்: மரத்தடியில் கஞ்சா அடித்துவிட்டுத் தலையைச் சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தாராம்.

நேராகக் கேட்டாலே எனக்குப் பாதி வார்த்தை புரியாது. தலைகீழாகப் போட்டு இவர்களுக்கு எப்படிப் புரிந்தது?

அட போங்கய்யா. நான் பீடி கூடக் குடிச்சதில்ல. மூணு வருசமா இந்த ரோட்டுல வேன் ஓட்டறேன், ஒரு கோடு விழுந்திருக்குதா?

9 பிப்ரவரி, வெள்ளி

பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் திங்கட்கிழமை வரச் சொன்னார். அம்மாவையும் கூட்டிவர வேண்டுமாம். எனக்கு வயது இருபத்தெட்டு.

12 பிப்ரவரி, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

அம்மா அரை நாள் காபிப் பழம் பறிக்கப் போகாமல் வந்தாள். அறையில் கரஸ்பாண்டன்ட், சசிரேகா அக்கா, பெரியசாமி அண்ணன். முடியை வெட்டு, அந்த டீசர்ட்களைத் தூக்கிப் போடு, இல்லாவிட்டால் சாவியைக் கொடு என்றார் கரஸ்பாண்டன்ட். இருக்கிற வேலை இது ஒன்றுதான். ஆனாலும் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அது வெறும் பாட்டு. போரில் செத்த சிப்பாயைப் பற்றி, பயத்தைப் பற்றி, பைத்தியம் பிடித்துவிடுமோ என்று தவிப்பவனைப் பற்றி. கேட்கிறவர்களில் டாக்டர் இருக்கிறார், பேங்க் குமாஸ்தா இருக்கிறார். இப்படி.

முதல் வாக்கியத்தை ஆரம்பிக்கும் முன் அம்மா பேசிவிட்டாள்.

"அது சாமிக்கு விட்ட முடிங்க. நம்ம சேர்வராயனுக்கு. வேன்ல போற புள்ளைங்களுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு விட்டிருக்கறானுங்க. வைகாசித் திருவிழாவுக்கு எறக்கிப்போடுவானுங்க."

கரஸ்பாண்டன்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சசிரேகா அக்கா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பெரியசாமி அண்ணன்தான் முதலில் தலையாட்டினார். "அதானுங்க பார்த்தேன். அன்னிக்கு மரத்தடியில தலைய விரிச்சுப்போட்டு ஆடுனாப்ல. அருள் வந்திருக்குது. நாந்தான் தப்பா நெனச்சுப்போட்டேன்."

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

20 பிப்ரவரி, செவ்வாய்

ஒரே வாரத்தில் நான் சாமியார் ஆகிவிட்டேன். ஒரு ஸ்டாப்பில் வாழைப்பழச் சீப்பு, இன்னொரு ஸ்டாப்பில் விபூதிப் பொட்டலம். ஏற்காடு பஜாரில் இளவரசி அக்கா மெஸ்ஸில் ஆம்லெட் கேட்டேன். "வேண்டுதல்ல இருக்கறவங்களுக்கு நான் முட்டை ஊத்தமாட்டேனுங்க" என்று தயிர்சாதம் வைத்துவிட்டார். அதே முடி, அதே தலை. போன வாரம் பிசாசு, இந்த வாரம் பக்தி. நடுவில் நான் என்ன செய்தேன்?

2 மார்ச், சனி

கோபமும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

அம்மாவோடு வேலைக்குப் போகும் மேகலா அக்கா வழியில் நிறுத்திச் சொன்னார், அம்மா சனிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாமல் வேலை செய்கிறாளாம், இன்று மதியம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா கத்தவில்லை.

"சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டனேடா கண்ணு. அந்தப் பாவம் வேன்ல போற புள்ளைங்க மேல எறங்கிட்டா என்ன பண்ணுவேன்?"

பிள்ளைகளைக் காப்பாற்றுவது பிரேக்கும் என் கண்ணும்தான் என்றேன். பிரேக்கையும் அவன்தான் காப்பாற்ற வேண்டும் என்றாள். வீடியோ போட்டவர்களோடு சண்டை போடலாம். எனக்காகப் பொய் சொல்லிவிட்டு அதற்காகப் பட்டினி கிடப்பவளோடு எப்படிச் சண்டை போடுவது?

வைகாசியில் மொட்டை அடித்துக்கொள்கிறேன், இனிமேல் சாப்பிடு என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் காணிக்கை கொடுத்த பிறகுதான் விரதம் விடுவாளாம்.

17 மார்ச், ஞாயிறு

சேலத்தில் வேடியப்பனைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு மெட்டல் பிடிக்கவைத்த புண்ணியவான். இப்போது பேங்கில் குமாஸ்தா, இரண்டு பெண் பிள்ளைகள். இருபத்தைந்து வயதிலேயே முடி கொட்டி வழுக்கை. எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வருட முடி, அது போனால் நான் யார் என்று கொஞ்சம் அதிகமாகவே புலம்பிவிட்டேன் போலிருக்கிறது.

தன் தலையைத் தடவிக்கொண்டு சொன்னான்: "முடிதான் மெட்டல்னா நான் எப்பவோ செத்துப்போயிருக்கோணும். வீடியோ அனுப்புனவங்க மாதிரியே நீயும் முடியையும் டீசர்ட்டையும் வெச்சுப் பேசற பாரு."

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் சொன்னது சரி. சரியாக இருந்தாலும் வலிக்கிறது.

26 ஏப்ரல், வெள்ளி

லீவு விட்டு இரண்டு வாரம். வேன் ஷெட்டில். முடி தோளுக்கு ஒரு ஜாண் கீழே இருக்கிறது.

23 மே, வியாழன்

திருவிழா. மழை விட்டு விட்டுப் பெய்தது. மலை உச்சிக்கு ஜீப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு போயின. நாங்கள் நடந்தே ஏறினோம். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மொட்டை அடிக்கிற இடத்தில் வரிசை. அம்மா தேங்காய் வாங்கப் போனாள். எனக்கு முன்னால் நாலு பேர்.

அப்போது சசிரேகா அக்கா கீர்த்திகாவோடு வந்தார். வேண்டுதல் நிறைவேறுவதைப் பார்க்க வந்தேன் என்றார். அதைக் கேட்டதும் இதற்கு மேல் தாங்காது என்று தோன்றிவிட்டது. குழந்தையைப் பலூன் பார்க்கச் சொல்லிவிட்டு, வேண்டுதலே கிடையாதுங்க அக்கா, எனக்குப் பிடிச்சு வளர்த்த முடி, அம்மா பயந்துபோய்ச் சொன்ன பொய், என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்க தம்பி."

எப்படி என்று கேட்டேன். சாமிக்கு விட்ட முடிக்கு யாராவது ஷாம்பு போட்டு, கண்டிஷனர் போட்டு, ரப்பர் பேண்ட் மாற்றி மாற்றிப் போடுவார்களா என்றார். அன்றைக்கு அந்த அறையிலேயே தெரியுமாம்.

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

அவர் மொட்டைத் தலைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "வீடியோவ அனுப்பிப்போட்டு ரெண்டு நாள் கடை வாசல்ல நின்னு உங்க வண்டியத்தான் பார்த்தேன். திருப்பத்துல ஒரு நாள் கூட நீங்க வேகமா வரல. புள்ள சீட்டுல உக்காந்த பொறகுதான் கியர் போடறீங்க. தப்பாப் பேசிட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அத்தன பேர் முன்னால அதச் சொல்ல எனக்கு வாய் வரலைங்க. உங்கம்மா சாமின்னு சொன்னதும், எனக்கு நொம்ப வசதியாப் போச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவருக்கு வசதி, பெரியசாமி அண்ணனுக்கு வசதி, கரஸ்பாண்டன்ட்டுக்கு வசதி. எங்கள் தப்பு என்று ஒருவரும் சொல்லவேண்டியதில்லை, சாமி பார்த்துக்கொண்டார். பட்டினி கிடந்தது எங்கம்மா. அதைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. முகம் விழுந்துவிட்டது.

என் முறை வந்தது. உட்கார்ந்தேன். ஏழு வருடம் ஏழு நிமிடத்தில் இறங்கியது. அம்மா அதைத் துணியில் வாங்கிக் காணிக்கையாகக் கொடுத்து விரதம் விட்டு, பக்கத்துக் கடையில் மூன்று இட்லி சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும் வழியில் சசிரேகா அக்கா அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஒரு நிமிடம் கேட்டார். தலை வலிக்கிறது என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் எதற்கு அப்படிக் கத்துகிறான் என்றார். பயத்தைப் பற்றிப் பாடுகிறான் என்றேன். பயந்தால் கத்தத்தான் செய்வார்கள் என்றார்.

8 ஜூன், சனி

பள்ளி திறக்குமுன் பெற்றோர் கூட்டம். நான் கடைசி வரிசை. வேன் விஷயம் வந்ததும் பெரியசாமி அண்ணன் எழுந்தார். போன வருடம் ஒரு கீறல் இல்லை, எல்லாம் தினேஷ் தம்பி விட்ட முடி, இந்த வருடமும் அதே மாதிரி விட்டால் நல்லது என்றார். கை தட்டினார்கள். கரஸ்பாண்டன்ட் சிரித்துக்கொண்டே, என்னப்பா, வளர்த்துவிடேன் என்றார்.

எனக்கு வேண்டியது எல்லாமே அங்கே இருந்தது. வேலை இருக்கும். முடி இருக்கும். டீசர்ட்டைக் கூட யாரும் கேட்கமாட்டார்கள். சரிங்க என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா மறுபடி சனிக்கிழமை சனிக்கிழமை பட்டினி.

எழுந்தேன்.

"முடி வளத்துவேனுங்க. ஆனா சாமிக்கு இல்லீங்க, போன தடவையும் சாமிக்கு விடல. எனக்கு அந்தப் பாட்டு புடிக்கும், அதுக்குத்தான் வளத்தேன். அன்னிக்கு மரத்தடியில அருளும் வரல, கஞ்சாவும் இல்ல, பாட்டுத்தான் கேட்டேன். இப்ப மொட்ட போட்டது எங்கம்மாவுக்காக. வண்டிய ஒழுங்கா ஓட்டுவேன். அது ஒண்ணுதான் நான் சொல்ல முடியுமுங்க."

யாரோ சாமி குத்தம் என்றார்கள். பெரியசாமி அண்ணன் முகம் சிவந்துவிட்டது. அவரை நான் ஏமாற்றியதும் உண்மைதானே. அப்போது சசிரேகா அக்கா எழுந்து, வீடியோவை அனுப்பியது நான், அது தப்பு, என் பிள்ளை இந்த வேனில்தான் வரும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விருப்பமுள்ளவர்கள் திங்கட்கிழமை ஏற்றிவிடுங்கள், பத்துப் பேருக்குக் குறைந்தால் வேறு டிரைவர் என்று கரஸ்பாண்டன்ட் முடித்துவிட்டார்.

9 ஜூன், ஞாயிறு

வேனை இரண்டு தடவை கழுவினேன். அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சாமிக்குக் குடுத்தது குடுத்தாச்சு. இனி மொளைக்கறது உன்னோடது" என்றாள். அவ்வளவுதான்.

10 ஜூன், திங்கள்

முதல் ஸ்டாப், இரண்டு பேரும் நின்றார்கள். மொட்டையைப் பார்த்துச் சின்னவன் ஏறமாட்டேன் என்று அழுதான். குரலைக் கேட்டதும் ஏறினான். அடுத்த ஸ்டாப்பில் மூன்று. தையல் கடை வாசலில் கீர்த்திகாவும் இன்னொன்றும். அதற்கு அடுத்த ஸ்டாப்பில் நாலு பேரில் மூன்று. அதோடு பத்து ஆயிற்று. பிறகு இன்னும் இரண்டு. பெரியசாமி அண்ணன் ஸ்டாப் கடைசி. யாரும் இல்லை. இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்தத் திருப்பம் தாண்டியதும் கண்ணாடியில் அவர் ஜீப். பக்கத்து சீட்டில் பையன், யூனிபாரம் போட்டுக்கொண்டு. முந்திப் போகட்டும் என்று ஒதுங்கி வழி விட்டேன். போகவில்லை. இரண்டு வண்டி நீளம் விட்டுப் பின்னாலேயே வந்தார். நான் மெதுவானால் மெதுவானார். நின்றால் நின்றார். அவர் ஜீப் அவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததே இல்லை. ஏற்காடு வரை, ஒவ்வொரு திருப்பத்திலும், கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது.

பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கி முடிக்கும் வரை ஜீப்பிலேயே இருந்தார். பிறகு பையனை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்தார். என் தலையைப் பார்த்தார். டயரைப் பார்த்தார்.

"சாயங்காலம் பையன ஏத்திக்கங்க" என்றார்.

சாயங்காலம் பதின்மூன்று பேர்.