மிளகுக்கு வேறு குரல்

ஜூலை 14, திங்கள்
காலையிலிருந்து சாரல். கரண்ட் வந்தது இடைவேளைக்குப் பிறகுதான். வகுப்பு டிவியில் நாங்களே எடுத்த ஆங்கிலச் சொல் வீடியோ மறுபடியும். ஒரு படம், ஒரு சொல், ஒரு பிள்ளையின் குரல். பலா, மிளகு, குச்சிக்கிழங்கு எல்லாம் இந்தப் பிள்ளைகளின் தோட்டத்தில் எடுத்தவை. நாலாம் வகுப்பு தாரணி வாயே திறக்காதவள். போனில் பதியலாம் என்றதும் "பெப்பர்" என்றாள். இப்போது டிவியில் தன் குரல் வரும்போதெல்லாம் கூடவே சொல்கிறாள்.

நாளை சேந்தமங்கலத்தில் பயிற்சி. கலைச்செல்வியைப் பார்க்கலாம். போன வருடம்வரை இங்கே என்னோடு வேலை பார்த்தவள். மாறுதலில் மலையிலிருந்து கீழே போனபோது வீடியோக்களை எல்லாம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு மிளகு கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். குடை.

ஜூலை 15, செவ்வாய்
முதல் பஸ். வளைவுகளில் வாந்தி வராதது அதிசயம்.

பயிற்சியில் பேசியது கலைதான். "இது என்னோட முயற்சிங்க" என்றாள். திரையில் எங்கள் வீடியோ. தாரணி வீட்டு மிளகுக்கொடி, தாரணியின் கை. குரல் மட்டும் வேறு. கீழ்ப் பள்ளிப் பிள்ளை ஒன்று, அழுத்தம் திருத்தமாக, "பெப்பர்". எல்லோரும் கை தட்டினார்கள். நானும். ஏன் தட்டினேன்?

சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் பிடித்தேன்.

"எம் பேரு போடாட்டியும் போவுது கலை. பிள்ளைங்க குரலை எதுக்கு மாத்துன?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. மலைப்பிள்ளைங்க உச்சரிப்புன்னா மேலதிகாரிங்க ஒத்துக்கமாட்டாங்க. எல்லாப் பள்ளிக்கும் போவுதுல்லீங்க."

என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். அந்தப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டவள்.

மிளகைக் கொடுக்கவில்லை.

ஜூலை 16, புதன்
தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது. ஹெச்.எம்.மிடம் சொன்னேன். "உடுங்க டீச்சர். பாடம் நல்லாத்தான இருக்குது" என்றார். சோப்பு வாங்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன்
வெயில். கலையின் வீடியோ பள்ளிகளின் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. எல்லா வகுப்பிலும் போட வேண்டுமாம். நான் தள்ளிப்போடப் பார்த்தேன். ஹெச்.எம். வந்து போட்டுவிட்டார்.

மிளகு வந்ததும் சொல்வதற்கு வாயைத் திறந்த தாரணி அப்படியே மூடிக்கொண்டாள்.

"அது என் கையிங்க டீச்சர். பேசறது ஆரு?"

கலை செய்ததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அவளுக்கே போன் போட்டேன், ஸ்பீக்கரில்.

"கலை, தாரணி பக்கத்துல நிக்கறா. உங்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

"சொல்லு கண்ணு." அதே பழைய குழைவு.

தாரணி போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"என் கொரல் நல்லா இல்லீங்களா டீச்சர்?"

"டீச்சர் அப்புறம் பேசறேன் சாமி." கலை வைத்துவிட்டாள்.

தாரணி போனைத் திருப்பித் தரவில்லை.

"அப்புறம்னா எப்பங்க டீச்சர்?"