இரும்பு வளைவு

இகில் உஸ்ஸல்,
பிப்ரவரி 4

அன்பு மகள் வர்தியாவுக்கு,

உன் மாமா மொக்ரான் எழுதுவது. நாங்கள் நலம். நீயும் பேத்தி ஸில்யாவும் நலமாக இருக்க அல்லாஹ் அருளட்டும். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் அத்தை, "யாருகூட இப்படி ரகசியம் பேசுறீங்க?" என்று கேட்கிறாள். அதனால்தான் பெஜாயாவுக்கு வேன் ஓட்டும் ஹமீத் கையில் இந்தக் கடிதம்.

என் மகன் அரெஸ்கி நம்மை விட்டுப் போய் எட்டு மாதம் தாண்டிவிட்டது. அவன் மேல் கவிழ்ந்த அந்தப் பழைய ட்ராக்டரைப் போன வாரம் காயலான் கடைக்காரன் வந்து ஏற்றிப் போனான். நான் வெளியே வரவில்லை. வீட்டுக்குள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செர்ரித் தோட்டம் காத்திருக்காது. களை முழங்கால் அளவு நிற்கிறது. மண்வெட்டி பிடித்தால் என் முதுகு மறுநாள் என்னோடு பேச மாட்டேன் என்கிறது. குட்டி ட்ராக்டர் ஒன்று புதிதாக வாங்கப் போகிறேன். இரண்டு மர வரிசைக்கு நடுவே எவ்வளவு இடம் என்று கயிறு பிடித்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். தீஸி ஊஸூவில் டீலர் கடை பெரிது, ஏழெட்டு வண்டி நிற்கிறதாம்.

நீ வந்து தேர்ந்தெடு. அவனுக்கு அடுத்து அந்தத் தோட்டத்தில் வண்டி ஓட்டியவள் நீதானே? ஊர்ப் பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்களே! வண்டி வந்ததும் வழக்கப்படி ஆடு அறுத்து ஊரில் தலைக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். உன் பங்கையும் ஸில்யா பங்கையும் நீ உன் வீட்டிலேயே வாங்க வேண்டும் என்பது என் ஆசை.

வாசல் திராட்சைக்கொடி இலை உதிர்ந்து நிற்கிறது. உன்னுடையது என்பதால் நான் கை வைக்கவில்லை.

உன் மாமா,
மொக்ரான்


பெஜாயா,
பிப்ரவரி 15

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

கடிதம் வந்தது. ஸில்யா நலம். கடலைப் பார்த்து, "இதுல யாரு தண்ணி ஊத்துனது?" என்று கேட்கிறாள். உங்களைப் போலவே வாய்.

போனை எடுக்காததற்கு மன்னியுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது.

வண்டி வாங்குங்கள். டீலர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாமல் நீங்களே ஏறி உட்கார்ந்து பாருங்கள். க்ளட்ச் இறுக்கமாக இருந்தால் உங்கள் முட்டி தாங்காது. இருக்கை தாழ்வாக இருக்க வேண்டும். சக்கரம் எவ்வளவு அகலமாக வைக்கலாம் என்று கேளுங்கள். தோட்டத்தின் மேல்தளத்துச் சரிவு உங்களுக்குத் தெரியும்.

கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்பு வளைவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என்னை வரச் சொல்லாதீர்கள் மாமா. அந்த வாசலைத் தாண்ட என்னால் ஆகாது.

அத்தைக்கு என் ஸலாம்.

வர்தியா


இகில் உஸ்ஸல்,
மார்ச் 2

அன்பு மகளுக்கு,

நேற்று டீலரிடம் போனேன். விற்பவன் பெயர் பூஅலெம். முப்பது வயதுகூட இருக்காது. முடிச்சுப் போட்ட கயிற்றை நான் எடுத்ததும், "ஐயா மாட்டுச் சந்தைக்கு வந்துட்டீங்களோ?" என்றான். "மாடுன்னா பல்லைப் பார்த்து வாங்கிடுவேன் தம்பி. உன் வண்டிக்குப் பல் எங்க இருக்கு, காட்டு" என்றேன். அதற்கப்புறம் காபி வந்தது.

மூன்று வண்டி பார்த்தேன். இத்தாலி வண்டி அழகு. நடுவிலேயே மடங்கித் திரும்புகிறது. ஆனால் உதிரிப் பாகம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகுமாம். துருக்கி வண்டி கயிற்றுக்கு ஒரு சாண் அதிகம். மூன்றாவது இந்தியாவில் செய்தது, இருபத்தேழு குதிரைத்திறன். பார்க்க ஒன்றுமில்லை, கழுதை மாதிரி நிற்கிறது. இருக்கை தாழ்வு. க்ளட்ச் என் முட்டிக்கு ஒத்துவந்தது. கயிறும் சரியாக இருந்தது.

இருக்கைக்குப் பின்னால் வளைவு இருந்தது. தடியான இரும்பு. கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பூஅலெம் சிரித்தான். "அது மரக்கிளையில இடிக்கும் ஐயா. இந்த மலைப் பக்கம் யாரும் வெச்சுக்கிறதில்ல. ஆறு மாசத்துல வெல்டர்கிட்ட போய் அறுத்துடுவாங்க. நீங்க கேட்டா நானே இங்கயே அறுத்துக் கொடுத்துடறேன்."

மகளே, கடைக்குள்ளேயே நான் கத்திவிட்டேன். "அறுத்தா உன் கையை அறுப்பேன்" என்றேன். வந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பையன் வெளுத்துப் போனான். பிறகு நான் அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அறுபத்தெட்டு வயது.

ஒன்பது மாதமாகச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியின் வளைவை அறுக்கச் சொன்னவன் நான். அரெஸ்கி, "இருக்கட்டும்ப்பா" என்றான். கிளை முறிகிறது, பழம் கொட்டுகிறது என்று நான்தான் வெல்டர் ரமதானைக் கூட்டி வந்தேன். என் மகனைக் காட்டிலும் எனக்குக் கிளை பெரிதாக இருந்தது. நீ என்னை விட்டு ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். உன் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன்.

இந்த முறை கிளையை வெட்டுகிறேன். இன்று காலை முதல் வரிசையில் தொடங்கிவிட்டேன். அவன் ஒட்டுக் கட்டிய மரங்கள். இந்த வருடம் பழம் பாதிகூட வராது. வராமல் போகட்டும்.

என்னை மன்னித்துத் திரும்பி வா. இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உன் மாமா


பெஜாயா,
மார்ச் 17

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நீங்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பேசாமல் இருந்து உங்களை அப்படி நினைக்க விட்டேன். அதற்குத்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வளைவை அறுத்த அன்று ரமதான் அதைத் தூக்கிப் போகப் பார்த்தார். "எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கியது நான். வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் பதித்து அதன் மேல் கொடியை ஏற்றியது நான். நீங்களும்தான், "ராஜா வீட்டு வாசல் மாதிரி இருக்கு" என்றீர்கள்.

போன மே மாதம் விடாமல் மழை பெய்தது நினைவிருக்கிறதா? ஏழாம் தேதி காலையில் உங்கள் மகன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "மேல்தளம் வழுக்குது வர்தியா. இதைக் கழட்டி வண்டியிலயே திரும்ப வெல்டு வெச்சுடலாம்னு பாக்குறேன். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

கொடி மூன்றாவது வருடம் அப்போதுதான் முதல் பூ விட்டிருந்தது. வளைவை எடுத்தால் கொடி முறிந்துவிடும். நான், "திராட்சை பழுக்கட்டும், செப்டம்பர்ல எடுத்துக்கோங்க" என்றேன். அவர், "உன் திராட்சைக்காக நான் சாகணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் மாமா. நானும் சிரித்தேன்.

பத்தொன்பது நாள் கழித்து அந்த வளைவுக்குக் கீழேதான் அவரைத் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்கள் குனிந்து வர வேண்டியிருந்தது. செப்டம்பரில் கொடி நிறையக் குலை தொங்கியது. ஒருவரும் பறிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில்தான் நான் கிளம்பினேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இனிமேல் நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம் என்றுதான் எழுதினேன். இதைப் படித்த பிறகும் வா என்று சொன்னால் வருகிறேன்.

வர்தியா


பெஜாயா,
ஏப்ரல் 20

மாமாவுக்கு,

ஒரு மாதமாகப் பதிலில்லை. புது வண்டி வந்துவிட்டது, ஆடு அறுத்தார்கள் என்று ஹமீத் சொன்னார். சிவப்பு வண்டியாமே? ஸில்யா தினமும் வேன் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்கிறாள். ஊரில் இல்லாதவர்களின் பங்கை உப்புப் போட்டு எடுத்து வைப்பது நம் வழக்கம். அதைக் கேட்டு எழுதவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

வர்தியா


இகில் உஸ்ஸல்,
மே 3

வர்தியாவுக்கு,

வண்டி நன்றாக ஓடுகிறது. நீ சொன்னபடி சக்கரத்தை அகலமாக வைத்துவிட்டேன். மேல்தளத்துக்கு இன்னும் போகவில்லை.

உன் கடிதத்தை உன் அத்தைக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அவள் உனக்காக அழுகிறாள், அழட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் பயிற்சி எடுத்திருந்தேன். உன்னை மன்னிக்க வேண்டி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நீ செய்தது என்ன? ஒரு கொடியைக் காப்பாற்றினாய். நான் கிளையைக் காப்பாற்றினேன். உன்னுடையது என்னுடையதைவிடச் சின்னது, எனக்குத் தெரிகிறது. ஆனால் குற்றம் முழுக்க என்னுடையதாக இருந்தவரை எப்படியோ எழுந்து தோட்டத்துக்குப் போனேன். அவன் கேட்டான், அவனாகவே கேட்டான், ஒரு வார்த்தையில் பிழைத்திருப்பான் என்று தெரிந்த பிறகு என்னால் எழ முடியவில்லை.

வளைவைக் கழற்ற இரண்டு முறை ஏணி போட்டேன். கொடி துளிர்த்திருக்கிறது. இரண்டு முறையும் இறங்கிவிட்டேன். நானும் இப்போது பின்வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன்.

ஆடு அறுத்த அன்று ஊர்ப் பெரியவர் பட்டியல் படித்தார். நம் வீட்டுப் பெயர்கள் வந்தபோது, "உன் மருமகளுக்கும் எடுத்து வைக்கலாமா மொக்ரான்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஹமீத் கையில் ஒரு பொட்டலம் வருகிறது. அதில் இருப்பது ஒரு பங்கு. அது ஸில்யாவுக்கு.

மொக்ரான்