சட்டைக்கு ஆசீர்வாதம் கிடையாது

நவம்பர் 9, செவ்வாய்

யோகைரா நர்ஸ் பரீட்சையில் மாகாணத்திலேயே இரண்டாவதாக வந்துவிட்டாள். முதலாவதாக வந்தவளின் அப்பா அதே கல்லூரியில் வாத்தியார் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். வேறொன்றும் சொல்லவில்லை. எலியேசர் நியூயார்க்கில் பாலம் கட்டும் கம்பெனியில் சேர்ந்த ஆறாம் மாதமே தனி மேசை வாங்கிவிட்டான். சின்னவள் தாரியானா பள்ளி ஊர்வலத்தில் கொடி பிடித்தாள். கொடி அவளைவிட உயரம், ஆனாலும் சாயவில்லை. என் வில்கின் நேற்று எங்கள் லா வேகா பேஸ்பால் குழுவான சேவல்களுக்காக எட்டாவது இன்னிங்ஸில் பந்து போட்டு, வந்த மூன்று பேரையும் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்த வழியே திரும்பி நடக்கவைத்தான்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருத்தியின் பேரப்பிள்ளைகள் இவர்கள். எதிர்வீட்டு எர்மீனியாவுக்குக் காலையிலேயே எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. இரண்டு முறை.

கத்தினால் ரத்தக்கொதிப்பு ஏறுகிறது, பேஸ்பால் பார்க்கும் நாளில் வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இந்த நோட்டு. சரி, எழுதுகிறேன். எட்டாவது இன்னிங்ஸில் வில்கின் ஆட்டத்தைக் காப்பாற்றினான். ஒன்பதாவதில் மற்ற தடியன்கள் சேர்ந்து அதைத் தொலைத்தார்கள்.

நவம்பர் 14, ஞாயிறு

சுறாக்களிடம் ஒன்பதுக்கு ஒன்று. ஒன்பது எங்களுடையது அல்ல.

சுறாவாம்! தலைநகரத்து ஆட்களுக்குத் தங்கள் குழுவுக்குப் பெயர் வைக்கும்போதுகூட அடக்கம் கிடையாது. அந்த நீலச் சட்டை, சலவைக் கடையிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்த மாதிரி. எங்கள் பிள்ளைகள் தரையில் விழுந்து பந்தைப் பிடிப்பார்கள். அவர்களோ மடிப்புக் கலையாமல் ஜெயிக்கிறார்கள்.

எர்மீனியா லா வேகாவில் பிறந்து, லா வேகா தண்ணீரைக் குடித்து, இந்தத் தெருவிலேயே கிழவியானவள். தலைநகரத்தானைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக நீலம். அந்த மனிதர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. மொட்டைமாடியில் நீலக் கொடி இன்னும் இருக்கிறது. இன்று ஆட்டம் முடிந்த கையோடு ஒரு கிண்ணத்தில் சேவல் சூப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சாப்பிடுக்கா. ரொம்ப நேரம் கொதிக்க வச்சேன். கிழட்டுச் சேவல் போல, கடைசி வரைக்கும் ஒரு கூவல் கூவலியே."

"வச்சிட்டுப் போடி."

முழுவதையும் குடித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

நவம்பர் 21, ஞாயிறு

நேற்று அடித்த காற்றில் எர்மீனியாவின் கொடி கிழிந்து ஒரு துண்டு என் கொல்லையில் விழுந்தது. நான் தேடிப் போகவில்லை. தானாக வந்தது.

கண்ணாடி டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் கோழிக்காலுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். யார் கை விளங்காமல் போகவேண்டுமோ அவர்கள் பொருளை உறையவைத்தால் அது உருகும்வரை அவர்களுக்கு விடிவு கிடையாது. என் அம்மா நிலம் அளக்க வந்த சர்வேயரையே இப்படி உறையவைத்தவள். அந்த ஆள் அளவுச் சங்கிலியைக் காலில் சுற்றிக்கொண்டு விழுந்தான்.

இதைப் பாவமன்னிப்பு கேட்கும்போது பாதிரியாரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. இது விளையாட்டு.

டிசம்பர் 3, வெள்ளி

நீலம் தோற்றது! புகைக் கருவாட்டை வெங்காயம் போட்டு வதக்கி எதிர்வீட்டுக்கு ஒரு தட்டு. "மன்னிச்சுக்கடி, இன்னிக்குச் சந்தையில சுறா இவ்வளவு சின்னதாத்தான் இருந்துச்சு."

டிசம்பர் 10, வெள்ளி

நாங்களும் தோற்றோம். எங்கள் மானேஜர் ஆட்டம் முழுக்கத் தாடையைச் சொறிந்தார். அதில் மட்டும் ஒரு தவறும் செய்யவில்லை.

டிசம்பர் 19, ஞாயிறு

ஆறு குழுக்களில் ஐந்தாவது. முதல் நான்கு அடுத்த சுற்றுக்கு. நாங்கள் வீட்டுக்கு.

எதைச் சொல்ல? மைதானத்தில் மூன்றாம் தளத்தைக் காக்க நிற்பவன் தொப்பியைச் சரிசெய்யும்போது பந்து அவன் காலடியில் ஓடியதைச் சொல்லவா? எங்கள் ஹோம் ரன் வீரன், விளம்பரத்தில் பியர் பாட்டிலைத் தூக்குகிற சுறுசுறுப்பில் பாதியை மட்டையில் காட்டாததைச் சொல்லவா? அறுபது வருடமாக இவர்களைப் பார்க்கிறேன். அறுபது வருடமாக இவர்கள் என்னைப் பார்த்ததேயில்லை. பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள்.

என் கவலை வேறு. வில்கினுக்கு இருபத்தேழு வயது. அமெரிக்கக் குழு மார்ச்சில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இந்தக் குளிர்கால ஆட்டம் ஒன்றுதான் அவன் கையில் இருந்தது. மெக்சிகோவிலிருந்து ஆட்டக்காரர் தேடி ஒரு ஆள், பந்தின் வேகத்தை அளக்கிற கருவியோடு வந்து உட்கார்ந்து போகிறான். அவன் கண்ணில் பட்டால் வேலை. படாவிட்டால் மாமன் மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஆள் ஏற்றி வாடகைக்கு ஓட்டவேண்டியதுதான். அந்தத் தோளை அதற்கா வளர்த்தேன்?

டிசம்பர் 23, வியாழன்

வெளியேறிய குழுக்களின் நல்ல ஆட்டக்காரர்களை, மிச்சமிருக்கிற நான்கு குழுக்களும் இன்று பங்குபோட்டுக்கொண்டன. வருடாவருடம் நடப்பதுதான். எங்கள் வீட்டில் நடந்ததில்லை.

வில்கினை எடுத்தது சுறா. முதல் ஆளாக எடுத்தார்கள்.

"பாட்டி, ஆசீர்வாதம்." போனில். ஆட்டத்துக்கு முன்னும், பயணத்துக்கு முன்னும், எதற்கு முன்னும் கேட்பான். அப்படி வளர்த்தவள் நான்.

"எந்தச் சட்டைல நிக்குற?"

"பாட்டி... மறுபடியும் எல்லார் கண்ணுலயும் படுறதுக்கு ஒரு வழி கிடைச்சிருக்கு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நீலம்."

"கைக்கு மட்டும் ஆசீர்வாதம். ஆண்டவர் உன் கையக் காப்பாத்தட்டும். சட்டைக்குக் கிடையாது."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எர்மீனியா தெருவில் நின்று பானையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் அவனுக்கு ஞானத்தாய் வேறு. "அக்கா! நம்ம புள்ள நல்ல வீட்டுக்கு வந்துட்டான்!"

நம்ம புள்ளையாம்.

டிசம்பர் 25, சனி

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு வில்கின் வந்தான். நீலப் பையை வாசல் கேட்டில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர விட்டேன். பன்றி வறுவல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

டிசம்பர் 28, செவ்வாய்

ஒரே ஒரு ஆளை அவுட் ஆக்கினான். நான்கு ஓட்டங்கள் கொடுத்தான்.

புதுச் சட்டை உறுத்தியிருக்கும். வேறொன்றுமில்லை.

ஜனவரி 4, செவ்வாய்

மூன்று பேருக்கு அடுத்தடுத்து ஓசி நடை, மட்டையை வீசாமலே முதல் தளத்துக்குப் போனார்கள். பந்து பக்கவாட்டில் போகிறது, மண்ணில் குத்துகிறது. தலைநகரத்துக் கூட்டம் என் பிள்ளையைப் பார்த்து ஊளையிட்டது. பெரிய மனிதர்கள்! சொந்த ஊரில் குப்பை வண்டி வராததற்கு ஒருநாள் ஊளையிட்டிருப்பார்களா?

நியூயார்க்கிலிருந்து மிரேயா போன் செய்தாள். வில்கினைப் பெற்றவள்.

"அம்மா, நீ ஏதாச்சும் பண்ணியா?"

"நான் என்னத்தப் பண்ணேன்?"

"அந்த ஃப்ரீசர்ல என்ன இருக்கு?"

"கோழிக்கால்."

"அதுக்குப் பின்னாடி?"

என் வயிற்றில் பிறந்தவள், தெரியாமல் போகுமா. வைக்கும்போது அவன் சேவல்களின் பச்சைச் சட்டையில் இருந்தான், எனக்கெப்படித் தெரியும் என்றேன். இப்போ எடு என்றாள். எடுத்தால் மொத்த நீலக் கூட்டமும் விடுதலையாகிக் கோப்பையைத் தூக்கிவிடுமே, எர்மீனியா சாகும்வரை பானை தட்டுவாளே என்றேன். "உனக்கு உன் பேரன் பெருசா, பக்கத்து வீட்டுப் பானை பெருசா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

பக்கத்து வீடு இல்லை. எதிர்வீடு. பிறந்த தெருவே மறந்துபோச்சு இவளுக்கு.

ஜனவரி 9, ஞாயிறு

மாதாவிடம் தெளிவாகவே சொல்லிப் பார்த்தேன்: அவன் நன்றாகப் போடட்டும், மற்ற எட்டுப் பேரும் பந்தைக் கோட்டை விடட்டும், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நீலம் தோற்கட்டும். மாதா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பிறகு டம்ளரை வெளியே எடுத்து ஒரு ஓரத்தில் மட்டும் கரண்டியால் பனியைச் சுரண்டினேன். வில்கின் பங்குக்கு. உடனே உள்ளே வைத்துவிட்டேன்.

இரண்டு பேரை அழகாக அவுட் ஆக்கினான். மூன்றாமவன் ஹோம் ரன் அடித்தான். சுரண்டினால் அவ்வளவுதான் போலிருக்கிறது.

மெக்சிகோக்காரன் இன்னும் ஒரு வாரம்தான் இருப்பானாம். இன்னொரு தடவை இப்படி ஆனால் கருவியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று வில்கின் சொன்னான். மெதுவாகச் சொன்னான். ஆசீர்வாதம் கேட்க மறந்துவிட்டான்.

அவன் மறந்ததேயில்லை.

ஜனவரி 16, ஞாயிறு

காலையில் கரண்ட் போய்விட்டது. போனால் ஃப்ரிட்ஜ் இன்வெர்ட்டரில் ஓடும். மிரேயா அதற்காகவே வாங்கி அனுப்பியது. எனக்குக் காற்று வேண்டியிருந்தது. ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிட்டு ஃபேனின் வயரைச் சொருகினேன். ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது, நான் என்ன செய்ய?

எர்மீனியா காபியோடு வந்தாள். தோளில் சால்வை.

"என்னக்கா, ஜனவரில ஃபேனு?"

"வேர்க்குது."

"உனக்குக் கையெல்லாம் சிலிர்த்து நிக்குதேக்கா."

"ரத்தக்கொதிப்புடி. உனக்கென்ன தெரியும்?"

போகும்போது ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் போனதை என் ஆயுளில் இன்றுதான் பார்த்தேன். கரண்ட் சாயங்காலம் வந்தது. கோழிக்கால் எல்லாவற்றையும் சமைக்கவேண்டியதாகிவிட்டது. தெருவே சாப்பிட்டது.

நான் எதையும் வெளியே எடுக்கவில்லை. கரண்ட் போனது அரசாங்கத்தின் குற்றம்.

ஜனவரி 18, செவ்வாய்

வில்கின் முன்னால் ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேரும் அவுட்டாகிப் போனார்கள். ஒருவன் மட்டையைத் தரையில் அடித்து உடைத்தான். அடிக்கத் தெரிந்தது அவனுக்கு அதைத்தான்.

நீலம் இறுதிச்சுற்றுக்குப் போய்விட்டது. தூ.

ஜனவரி 21, வெள்ளி, மாதா திருநாள்

பூசை முடிந்து வந்தால் எர்மீனியா என் கொல்லையில், துணிக்கயிற்றுக்கு முன்னால் நிற்கிறாள். அந்தத் துண்டைக் காயப்போட்டிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன்.

"இது என் கொடில கிழிஞ்சதுல்ல?"

"அடுப்புத் துடைக்கிற துணி."

"அடுப்புத் துடைக்கிற துணில சுறாவோட வாலு இருக்கு."

துண்டைக் கயிற்றிலிருந்து உருவி இடுப்பில் செருகினேன். அவள் பல்லைக் காட்டினாள். "அழாதக்கா. உன் பச்சைத் தொப்பி ஒண்ணு ஈஸ்டர்ல காணாமப் போச்சுல்ல? அக்டோபர்லருந்து என் ஃப்ரீசர்லதான் இருந்துச்சு. புள்ளய எங்காளுங்க எடுத்த அன்னிக்கே வெளிய எடுத்துட்டேன். அவன் தொப்பியாவும் இருக்குமோன்னு பயம்."

ஐந்தாவது இடம்! தாடை சொறிந்த மானேஜரை மூன்று மாதம் திட்டித் தீர்த்தேனே! சனியன், எதிர்வீட்டிலேயே உட்கார்ந்து சூப்புக் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது! கையில் கிடைத்த துடைப்பத்தை எடுத்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று சிரித்தாள். எழுபது வயதில் என்ன ஓட்டம்! எங்கள் மூன்றாம் தளக்காரன் அதில் பாதி ஓடியிருக்கலாம்.

இதற்கு ஒரு பாராட்டும் எழுதமாட்டேன்: அவள் அன்றைக்கே எடுத்துவிட்டாள். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஜனவரி 28, வெள்ளி

கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், நீலம் ஒரே ஓட்டம் முன்னால், எதிரிகளில் இரண்டு பேர் ஓடிவரத் தயாராகத் தளங்களில் நிற்கிறார்கள். வில்கினைக் கூப்பிட்டார்கள். எர்மீனியா என் வீட்டு சோபாவில்தான் இருந்தாள். அவள் டிவி சின்னது. என் கையை நெரித்துவிட்டாள்.

மூன்று பந்துகளில் முடித்துவிட்டான்.

அந்தக் கூட்டம் அவனைத் தோளில் தூக்கியது. மூன்று வாரம் முன்னால் ஊளையிட்ட அதே வாய்கள். தலைநகரத்தானுக்கு நாக்கும் வாடகைக்குத்தான். எர்மீனியா பானையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். கரண்டி எடுக்காமல் போய்விட்டாள். என் அடுக்களையிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் கத்துவதாவது நிற்கட்டும் என்று. நிற்கவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் போன் செய்திருந்தான். "பாட்டி, ஆசீர்வாதம். கைக்கு மட்டும் போதும்."

கொடுத்தேன். அவசரத்தில், இது கைக்கு, இது சட்டைக்கு என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

மார்ச் 12, சனி

வில்கின் மெக்சிகோக் குழுவில் சேரப் போய்ப் பத்து நாள். அங்கே சோளம்தான் சாப்பாடாம், வாழைக்காய் மசியலுக்கு ஏங்குகிறானாம். யோகைராவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. தாரியானா கணக்கில் முதல். அதுவும் கணக்கு வாத்தியாரின் மகளும் படிக்கிற வகுப்பில்.

சேவல்கள் புது மானேஜர் எடுத்திருக்கிறார்கள். படத்தைப் பேப்பரில் பார்த்தேன். இவருக்கும் தாடை பெரிது.

சுவரில் பிள்ளைகள் படங்களுக்கு நடுவில், வில்கினின் பச்சைச் சட்டைப் படத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. எர்மீனியா சுத்தியல் கொண்டுவந்தாள். ஆணி கோணலாக அடித்தாள், சொன்னால் கேட்கமாட்டாள். இன்று மிரேயாவிடம் சொல்லிவிட்டேன்: எல்லாரையும் புதிதாக ஒரு படம் எடுக்கச் சொல்லி வாங்கி அனுப்பு. வில்கினுடையது மட்டும் புதிதாக எடுக்கவேண்டாம். தோளில் தூக்கினார்களே, அந்தப் படத்தைப் பெரிதாகப் போடு. ஆமாம், நீலத்தில் இருப்பதுதான். காது கேட்கவில்லையா? போனில் அனுப்பாதே, சுவரில் மாட்ட முடியாது. தபாலில் போடு. மடங்காமல்.